பரணிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோ: முதலில் எதில் கை வைப்பது?

கேள்வி இது. தாத்தா காலத்து மரப்பெட்டி வால்வு ரேடியோ ஒன்று பல வருஷமாகப் பரணில் கிடந்திருக்கிறது. பக்கத்துத் தெரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "வால்வெல்லாம் போயிருக்கும், ஒரு செட் வாங்கிப் போட்டால் பாடும்" என்கிறார். உங்களுக்கு ஓரளவு சால்டரிங் தெரியும். நீங்களே செய்யலாமா, என்ன கருவிகள் வேண்டும், சரிசெய்தால் கேட்பதற்கு ஏதாவது ஸ்டேஷன் மிச்சம் இருக்கிறதா?

செய்யலாம். ஆனால் இப்போதைக்கு ஒரு வால்வுகூட வாங்காதீர்கள். அதைவிட முக்கியம், "சும்மா ஒருதடவை போட்டுப் பார்ப்போம்" என்று பிளக்கில் செருகாதீர்கள். பழைய ரேடியோக்களில் உயிரோடு இருந்த டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து போவது பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

வால்வு என்பது இந்தப் பெட்டியிலேயே கெட்டியான பொருள்களில் ஒன்று. கண்ணாடி உடையாமல், உள்ளே காற்று புகாமல் இருந்தால் அரை நூற்றாண்டு சும்மா கிடந்ததால் அதற்கு ஒன்றும் ஆகாது. காற்று புகுந்திருந்தால் பார்த்தாலே தெரியும்: கண்ணாடியின் உட்புறம் வெள்ளிபோல மின்னும் பூச்சு பால் வெள்ளையாகியிருக்கும். தேய்ந்து போகிற வால்வுகள் மூன்று இடத்தில் உண்டு: ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர், ஸ்டேஷன் சரியாக விழுந்ததைப் பச்சையாக ஒளிர்ந்து காட்டும் மேஜிக் ஐ. மற்றவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெட்டுப் போவது கண்டென்சர்கள் (இன்று கெப்பாசிட்டர் என்பது). அதுவும் மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர் என்றால் சோதிக்கவே வேண்டாம், போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக் ஏன் வால்வைக் குற்றம் சொல்கிறார் என்பதற்கும் காரணம் இதுதான். ஒலியைப் பெருக்கும் முந்திய வால்வின் (ஆடியோ டிரையோடு) பிளேட்டிலிருந்து, அதாவது ஒலி வெளிவரும் முனையிலிருந்து, அவுட்புட் வால்வில் ஒலி நுழையும் முனையான கிரிட்டுக்கு ஒரு சின்னக் கண்டென்சர் போகும், 0.01 அல்லது 0.02 மைக்ரோஃபாரட். அதன் வேலை பாட்டை மட்டும் விட்டு, டி.சி.யைத் தடுப்பது. பழைய பேப்பர் கண்டென்சர் ஈரம் குடித்து லேசாக லீக் ஆகும். அந்த லீக் 10 மெகாஓம் என்று வையுங்கள். மல்டிமீட்டரில் சாதாரணமாகப் பார்ப்பவருக்கு அது "ஓகே" என்றுதான் படும். ஆனால் ஒரு பக்கம் 100 வோல்ட், மறுபக்கம் 1 மெகாஓம் கிரிட் ரெசிஸ்டர் என்றால், கிரிட்டில் 9 வோல்ட் பாசிட்டிவ் வந்து உட்காரும். ஈ.எல்.84 என்கிற அவுட்புட் வால்வுக்கு இருக்கவேண்டிய பயாஸே (கரன்ட்டை அளவில் வைக்கும் நெகட்டிவ் வோல்ட்) 7 வோல்ட் சுமார்தான். ஆக, பயாஸ் மொத்தமும் அடிபட்டு, வால்வு அளவுக்கு மீறிக் கரன்ட் இழுத்து, பிளேட் சிவந்து, சத்தம் கரகரவென்று உடையும். புது வால்வு போட்டால் சில வாரம் பாடும். பிறகு அதுவும் அதே வழியில் போகும், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் ரெக்டிஃபையரையும் இழுத்துக்கொண்டு. சில ரூபாய் கண்டென்சருக்காகச் சில ஆயிரத்தைக் கரியாக்குவது இப்படித்தான்.

இனி வரிசையாக வருவோம். பின் அட்டையைக் கழற்றியதும் முதலில் பார்க்க வேண்டியது, உங்களுடையது ஏ.சி. செட்டா, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நேராக மெயின்ஸில் ஓடும் ஏ.சி./டி.சி. செட்டா என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சாசிஸில் (பாகங்களைத் தாங்கும் இரும்புத் தட்டு) கை வைக்கக் கூடாது. இரும்புத் தகடு அடுக்கிய கனமான மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் ஏ.சி. செட். சந்தேகம் இருந்தால் வால்வின் எண்ணைப் படியுங்கள். ஐரோப்பிய வால்வுகளில் முதல் எழுத்தே ஜாதகத்தைச் சொல்லிவிடும். 'ஈ' என்றால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 6.3 வோல்ட், எல்லா ஹீட்டரும் பேரலலில் இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. 'யூ' என்றால் ஹீட்டர் கரன்ட் 100 மில்லிஆம்பியர். எல்லாம் சீரிஸில், நேராக மெயின்ஸில். 'டி' என்றால் 1.4 வோல்ட் பேட்டரி செட். இரண்டாம் எழுத்திலிருந்து வேலை தெரியும்: 'எச்' மிக்ஸர், 'எஃப்' பென்டோடு, 'எல்' அவுட்புட், 'எம்' மேஜிக் ஐ, 'ஒய்', 'இசட்' இரண்டும் ரெக்டிஃபையர். எண் 8-ல் தொடங்கினால் ஒன்பது பின் வால்வு. 4-ல் தொடங்கினால் எட்டு பின் ரிம்லாக். ஈ.சி.எச்.81, ஈ.பி.எஃப்.89, ஈ.எல்.84, ஈ.இசட்.80 என்ற கூட்டம் இருந்தால் ஏ.சி. செட். யூ.சி.எச்.81, யூ.பி.எஃப்.89, யூ.சி.எல்.82, யூ.ஒய்.85 என்றிருந்தால் ஏ.சி./டி.சி. செட்.

இந்த இரண்டாவது வகையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் சாசிஸ் என்கிற இரும்புத் தட்டே மெயின்ஸின் ஒரு கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கை எந்தப் பக்கம் செருகினோம் என்பதைப் பொறுத்து அது நியூட்ரலாகவும் இருக்கலாம், 230 வோல்ட் ஃபேஸாகவும் இருக்கலாம். சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் அறுக்கிற செட்டில், அணைத்த பிறகும் ஹீட்டர் வழியாகச் சாசிஸில் ஷாக் இருக்கும். திருகுக் குமிழை (நாப்) இறுக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தொட்டாலே போதும். அதனால்தான் அந்த ஓட்டையை அந்தக் காலத்தில் மெழுகு வைத்து அடைத்தார்கள். இந்தச் செட்டில் எர்த் கம்பியைச் சாசிஸில் கட்டவே கூடாது. வேலை செய்ய 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், 100 வி.ஏ. அளவில் ஒன்று கட்டாயம் வேண்டும். வேரியாக் இருக்கிறதே என்பார்கள். வேரியாக் வோல்ட்டைக் குறைக்கும், மெயின்ஸிலிருந்து பிரிக்காது. முதல் செட்டே ஏ.சி./டி.சி. வகையாக இருந்தால், அதை அப்படியே வைத்துவிட்டு வேறு ஏ.சி. செட்டில் கை பழகிக்கொண்டு வாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் தைரியம் வேண்டாம்.

கருவிகளைப் பற்றி. தேவையில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன்: ஆஸிலாஸ்கோப் வேண்டாம், வால்வு டெஸ்டர் வேண்டாம், பெரிய சால்டரிங் ஸ்டேஷன் வேண்டாம். வேண்டியவை: 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்று (சோல்ட்ரான் போதும், பிட் மட்டும் நல்லதாக இருக்கட்டும்). சாசிஸில் நேராக ஈயம் வைத்திருக்கும் இடங்களுக்கு 60 வாட் அயர்ன் ஒன்று. 25 வாட்டை அங்கே வைத்தால் இரும்புத் தட்டு சூட்டைக் குடித்துவிடும், ஈயம் சாம்பல் நிறத்தில் பாதி உருகி நிற்கும். 60/40 ஈயக் கம்பி, உள்ளே ரோசின் உள்ளது. டப்பாவில் விற்கும் பேஸ்ட்டை ரேடியோவில் பூசாதீர்கள். அதன் அமிலம் வருஷக்கணக்கில் கம்பியை அரிக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டர், 600 வோல்ட் டி.சி. தாங்குவது, உள்தடை 10 மெகாஓம் உள்ளது. முள் மீட்டர் ஒன்று பழையது இருந்தால் நல்லது. வால்யூமைத் திருப்பும்போது எங்கே தடுக்குகிறது, வோல்ட் மெல்ல ஏறுகிறதா என்பதை முள் காட்டுவது போல எண் காட்டாது. ஆனால் கிரிட் வோல்ட்டைப் பார்க்க முள் மீட்டர் உதவாது, அதுவே இழுத்துக் குறைத்துக் காட்டும். நோஸ் பிளையர், கட்டர், முதலை கிளிப் நான்கைந்து, 10 கே 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இந்த ரெசிஸ்டர் எதற்கு என்று பிறகு வரும்.

ஸ்க்ரூ விஷயம் சின்னதுதான், ஆனால் நிறையப் பேர் இதில் சாசிஸைக் கெடுத்துவிடுகிறார்கள். மர்ஃபி, புஷ் போன்ற பிரிட்டிஷ் வழி வந்த செட்டுகளில் பழைய பி.ஏ. அளவு ஸ்க்ரூ இருக்கும். 4 பி.ஏ. என்பது 3.6 மில்லிமீட்டர், 6 பி.ஏ. 2.8 மில்லிமீட்டர். ஒன்று தொலைந்தது என்று கடையில் கிடைக்கும் 4 அல்லது 3 மில்லிமீட்டர் ஸ்க்ரூவைத் திருகினால் போகும், மரையை அறுத்துக்கொண்டு. கழற்றிய ஸ்க்ரூவை எல்லாம் ஒரு அட்டையில் குத்தி, எந்த இடத்தது என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

எல்லாக் கருவியையும்விட உயிர் காக்கிறது சீரிஸ் லாம்ப். ஒரு மரப்பலகையில் பல்பு ஹோல்டர், சுவிட்ச், ஒரு சாக்கெட். பல்பும் சாக்கெட்டும் சீரிஸில். பல்பு பழைய குண்டு பல்பாக, இழை உள்ளதாக இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. 40, 60, 100 வாட் என மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், அவ்வளவுதான், எதுவும் புகையாது.

சுத்தம் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. டயல் கண்ணாடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள். மெட்ராஸ், டெல்லி, சிலோன் என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பெயிண்ட் கண்ணாடியின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு மட்டும் நிற்கிறது. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்தால் கண்ணாடி பளபளக்கும், ஊர்களில் ஒன்றும் இருக்காது. முன்பக்கம் மட்டும் துடையுங்கள். பின்பக்கம் மெல்லிய பிரஷ்ஷால் தூசு தட்டினால் போதும். ஸ்டேஷன் திருப்பும்போது சுழலும் கேங் கண்டென்சரின் தகடுகளுக்கு நடுவில் துணியை விட்டு இழுக்க வேண்டாம், தகடு வளையும், ஊதினால் போதும். பேண்ட் சுவிட்சுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சின்ன பிரஷ், இருபது முப்பது தடவை திருப்பல். துரு நீக்கும் ஸ்ப்ரேயை எங்கும் அடிக்காதீர்கள். எலி கடித்த மெயின்ஸ் ஒயரைத் தயங்காமல் மாற்றுங்கள், அதோடு 500 மில்லிஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்; பல பழைய செட்டுகளில் ஃபியூஸே கிடையாது. ஆனால் ஒயரை வெட்டுவதற்கு முன் பாருங்கள்: வெளிநாட்டிலிருந்து வந்த சில மிகப் பழைய ஏ.சி./டி.சி. செட்டுகளில் மெயின்ஸ் ஒயருக்குள்ளேயே ரெசிஸ்டன்ஸ் கம்பி ஓடும். அதை எடுத்துவிட்டுச் சாதா ஒயர் போட்டால் ஹீட்டர்கள் ஒரே நொடியில் எரியும்.

இப்போது கண்டென்சர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றி, அதே இடத்தில் புதியதை வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டுப் பிறகு எது எங்கே என்று தேடுவது வம்பு. மேலே சொன்ன கிரிட் கண்டென்சர் முதலில்: 0.01 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலியெஸ்டர். கடையில் 103 என்று போட்டிருக்கும். 0.022 என்றால் 223, 0.047 என்றால் 473, 0.1 என்றால் 104. அடுத்து மெயின்ஸுக்குக் குறுக்கே இருப்பது: இதற்குச் சாதா கண்டென்சர் கூடாது, 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்ட எக்ஸ்2 வகைதான் வேண்டும். ஏ.சி./டி.சி. செட்டில் ஏரியல் சாக்கெட்டுக்கும் சாசிஸுக்கும் நடுவில் உள்ளவை ஒய் வகையாக இருக்க வேண்டும். அந்தக் கண்டென்சர் ஷார்ட் ஆனால் மொட்டை மாடியில் கட்டிய ஏரியல் கம்பியில் 230 வோல்ட் நிற்கும்.

பிறகு ஃபில்டர், அதாவது ரெக்டிஃபையர் தரும் டி.சி.யைச் சமப்படுத்தும் பெரிய கண்டென்சர்கள். அலுமினிய டப்பாவில் 32+32 அல்லது 50+50 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். டப்பாவை அழகுக்காக அங்கேயே விட்டுவிட்டு, அதன் கம்பிகளை எல்லாம் கழற்றி, சாசிஸுக்கு அடியில் டேக் ஸ்ட்ரிப் ஒன்றில் 450 வோல்ட் 33 அல்லது 47 மைக்ரோஃபாரட் இரண்டைப் பொருத்துங்கள். பழையதற்குப் பேரலலாகப் புதியதை வைப்பது கூடாது, பழையதன் லீக் அப்படியே இருக்கும். "100 போட்டால் ஹம் சுத்தமாகப் போய்விடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈ.இசட்.80-க்கு முதல் ஃபில்டர் கண்டென்சர் 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் இருக்கக் கூடாது. பெரியதாகப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அதை நிரப்ப ரெக்டிஃபையர் தாங்க முடியாத கரன்ட்டைத் தர வேண்டியிருக்கும். கடைசியில் தீப்பொறி விட்டுச் சாகும். பழைய எலக்ட்ரோலிட்டிக்கை மெல்ல மெல்ல வோல்ட் ஏற்றிப் பிழைக்க வைக்கலாம் என்று ஒரு கூட்டம் உண்டு. அருங்காட்சியகத்தில் வைப்பதற்கென்றால் சரி. தினமும் பாடப்போகும் செட்டுக்கு அது தேவையில்லாத விளையாட்டு.

அவுட்புட் வால்வின் கேத்தோடு முனையில் உள்ள 25 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கண்டென்சருக்குப் பதில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் போடுங்கள். மிச்சமுள்ள பேப்பர் கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். மைக்கா, செராமிக் இரண்டையும் விட்டுவிடுங்கள். ஐ.எஃப். டப்பாக்களுக்குள், அதாவது ஸ்டேஷனைப் பிரித்தெடுக்கும் காயில்கள் உள்ள சின்ன உலோக டப்பாக்களுக்குள், போகாதீர்கள். முழுச் செட்டுக்கும் கண்டென்சர் செலவு பொதுவாக ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. சென்னையில் ரிச்சி தெருவில் ஒரே நடையில் எல்லாம் கிடைக்கும்.

ரெசிஸ்டர்களில் ஒரு சௌகரியம். பழைய கார்பன் ரெசிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் மதிப்பு ஏறும். சர்க்யூட்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்தில் வேறு வழிகள் இருப்பதால் குறைவாகத்தான் காட்ட முடியும். எனவே கழற்றாமல் அளந்தே போட்டிருப்பதைவிட அதிகமாகக் காட்டினால் அது நிச்சயம் ஏறிப்போனது. 20 சதவீதத்துக்கு மேல் ஏறியதை மாற்றுங்கள். முக்கியமாக ஆடியோ பிளேட்டில் உள்ள 220 கே, வால்வின் ஸ்க்ரீன் என்ற முனைக்குப் போகும் 47 கே மாதிரியானவை.

வால்வு ஹீட்டர் அறுந்திருக்கிறதா என்று மீட்டரிலேயே பார்க்கலாம். மேலே சொன்ன ஒன்பது பின் வால்வுகளில் 4, 5-ம் பின்களுக்கு நடுவில் அளக்க வேண்டும். ரிம்லாக்கில் 1, 8. குளிர்ந்த ஹீட்டர் சில ஓம் முதல் சில பத்து ஓம் வரை காட்டும். சீரிஸ் செட்டில் ஒன்று அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும், அதனால் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். யூ.சி.எச்.81, யூ.பி.எஃப்.89, யூ.சி.எல்.82, யூ.ஒய்.85 நான்குக்கும் 19, 19, 50, 38 என்று கூட்டினால் 126 வோல்ட். மிச்சம் 104 வோல்ட்டை ஒரு பெரிய டிராப்பர் ரெசிஸ்டர் தாங்குகிறது. சுமார் 1000 ஓம், 10 வாட்டுக்கு மேல் சூடு. அது அறுந்திருந்தால் 20 வாட் ஒயர்வவுண்ட் போடுங்கள், மரத்துக்கும் புதுக் கண்டென்சருக்கும் தள்ளி. அதன் பக்கத்தில் சாம்பல் நிற அட்டை இருந்தால் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

முதல் முறை கரன்ட் கொடுப்பது. ஏ.சி. செட் என்றால் வோல்டேஜ் செலக்டரை 240 அல்லது 245-ல் வையுங்கள், 220-ல் வேண்டாம். நம் வீட்டு மெயின்ஸ் ராத்திரியில் 240-ஐத் தாண்டுவது சாதாரணம். எல்லா வால்வையும் கழற்றிவிட்டு, 60 வாட் சீரிஸ் பல்போடு போடுங்கள். டயல் விளக்கு எரிய வேண்டும், சீரிஸ் பல்பு எரியக் கூடாது அல்லது இழை லேசாகச் சிவந்தால் போதும். பளிச்சென்று எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட், அதோடு நின்றுவிடுங்கள். சரியாக இருந்தால் ரெக்டிஃபையர் தவிர மற்ற வால்வுகளைப் போட்டு ஹீட்டர் ஒளிர்வதைப் பாருங்கள். கடைசியாக ரெக்டிஃபையர். இப்போது சீரிஸ் பல்பு கொஞ்சம் கூடி, பிறகு ஒரு நிலையில் நிற்கும். அப்படியே 100 வாட் பல்புக்கு மாறி, பிறகு நேரடியாக. ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் போடாதீர்கள். சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி, இன்சுலேஷன் ஓட்டையாகும்.

ஓடும்போது ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரின் கறுப்பு ஒயரைச் சாசிஸில் கிளிப் செய்துவிட்டு, சிவப்பை மட்டும் கையில் பிடியுங்கள். அணைத்த பிறகும் ஃபில்டரில் 300 வோல்ட் நிற்கும். அதை இறக்கத்தான் அந்த 10 கே ரெசிஸ்டர். இரண்டு முனையிலும் கிளிப் போட்டு, ஐந்து நொடி பிடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு உள்ளே கை. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது புதுக் கண்டென்சருக்கும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது.

ஈ.எல்.84 என்றால் நான்கு அளவு போதும். 7-ம் பின் பிளேட், 9-ம் பின் ஸ்க்ரீன்: இரண்டும் 200-லிருந்து 250 வோல்ட்டுக்குள். 3-ம் பின் கேத்தோடு: 7 வோல்ட் சுமார். 2-ம் பின் கிரிட்: பூஜ்யம். கிரிட்டில் அரை வோல்ட்டாவது பாசிட்டிவ் காட்டினால் வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கவும். அப்போதும் பாசிட்டிவ் என்றால் கண்டென்சர் லீக். வால்வு இல்லாதபோது மறைந்துவிட்டால் வால்வில் வாயு புகுந்திருக்கிறது. மெக்கானிக் சொன்னது உண்மையா என்று தீர்மானிக்கிற சோதனை இதுதான். புது வால்வு வாங்கலாம் என்று இதற்குப் பிறகு சொன்னால் நியாயம். பிளேட்டில் பூஜ்யம், ஸ்க்ரீன் மட்டும் சிவந்து எரிகிறது என்றால் உடனே அணையுங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அறுந்திருக்கிறது.

ஹம் கேட்கிறது, வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை என்றால் ஃபில்டர் பக்கம். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அதற்கு முந்திய இடத்தில், ஷீல்டு கம்பியின் எர்த் விட்டுப் போயிருக்கலாம். ஒன்றுமே கேட்கவில்லையா? ஏ.சி. செட்டில் மட்டும், காப்பிட்ட பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரின் இரும்பில் விரல் நுனியை வைத்து வால்யூம் கன்ட்ரோலின் நடுப் பின்னைத் தொடுங்கள். 'ம்ம்ம்' என்று உறுமினால் ஆடியோ சரி, குறை முன்பக்கம். அங்கே பெரும்பாலும் ஆஸிலேட்டர் (செட்டுக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும் பகுதி) நின்றிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஜெனரேட்டர் தேவையில்லை. ஐ.எஃப். 455 கிலோஹெர்ட்ஸ் உள்ள செட்டில் டயலை 1000 கிலோஹெர்ட்ஸில், அதாவது 300 மீட்டரில் வைத்தால் உள்ளே ஆஸிலேட்டர் 1455-ல் ஓடும். ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவைப் பக்கத்தில் வைத்து 1455 சுற்றுவட்டாரத்தில் தேடுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கி ஓர் ஊமை அலை வந்து நின்றால், வால்வு செட்டின் டயலைத் திருப்பும்போது அதுவும் நகர்ந்தால், ஆஸிலேட்டர் வேலை செய்கிறது.

ஐ.எஃப். டப்பாக்களின் மேலே ஓட்டையில் தெரியும் திருகை மட்டும் திருகாதீர்கள். ஸ்டேஷன் குறைவாகக் கேட்கிறது என்று ஆர்வத்தில் நாலையும் நாலு சுற்று சுற்றினால், சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் திரும்பி வர முடியாது. ஃபெரைட் கோர் உடைந்தால் அந்த டப்பாவே போச்சு. டயல் நூல் அறுந்திருந்தால், மிச்சமிருக்கும் நூல் எந்தெந்தக் கப்பி வழியாக எந்தத் திசையில் போகிறது என்று கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். நைலான் மீன் நரம்பு வழுக்கும். பின்னல் நூல்தான் சரி. டியூனிங் கம்பியில் இரண்டரைச் சுற்று, ஸ்பிரிங் பாதி இழுபட்ட நிலையில் முடிச்சு.

இனிக் கடைசிக் கேள்வி, கேட்பதற்கு என்ன இருக்கிறது. இதை வேலை தொடங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது, ஒரு பேட்டரி டிரான்சிஸ்டரை வைத்து. ஆகாசவாணியின் மத்திய அலை எண்கள்: சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, மதுரை 1269 கிலோஹெர்ட்ஸ். உங்கள் டயலில் மீட்டர் மட்டும் போட்டிருந்தால் 300000-ஐ இந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். திருச்சி 320 மீட்டர் பக்கம் வரும். நாடெங்கும் பல மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் மூடப்பட்டுவருகின்றன, அதனால் உங்கள் ஊரில் இன்று எது வருகிறது என்பதை டிரான்சிஸ்டர்தான் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குமேல் 882-ல் இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் பலமான அலை கிடைக்கும். ஷார்ட் வேவில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தமிழோசைக்காக ஷார்ட் வேவைத் திருப்பிய தலைமுறை ஒன்று உண்டு. பிபிசியின் அந்த வானொலி ஒலிபரப்பு 2017-லேயே நின்றுவிட்டது.

"டிரான்சிஸ்டரில் வருகிறது, வால்வு செட்டில் ஒரே இரைச்சல்" என்றால் ரேடியோவைச் சந்தேகப்படுவதற்கு முன் வீட்டைச் சந்தேகப்படுங்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர், எல்லாமே மத்திய அலையில் கத்துகின்றன. டிரான்சிஸ்டரை ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள். பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுக்கொண்டே வந்தால் ஆள் அகப்படுவான். ஒரு பல்பை மாற்றுவதால் கிடைக்கும் தெளிவு எந்த வால்வை மாற்றினாலும் கிடைக்காது. ஏரியலுக்கு அந்தக் காலத்தில் அறைக்குள் குறுக்கே கட்டிய செம்பு வலைப் பட்டை இன்று வயரிங்கின் இரைச்சலைத்தான் அள்ளும். மாடியில் 10 முதல் 15 மீட்டர் காப்பிட்ட செம்புக் கம்பி, மின்கம்பிகளுக்குச் செங்கோணத்தில், இரு முனையிலும் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் இன்சுலேட்டர். ஏ.சி. செட்டுக்கு வீட்டு எர்த்தைவிடத் தனியாக ஒரு மீட்டர் சொச்சம் ஆழத்தில் அடித்த கம்பி நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் ஏரியலை ரேடியோவிலிருந்து பிடுங்கி வெளியே எர்த்தில் சேர்த்துவிடுங்கள்.

போனிலிருந்து பழைய பாட்டு விட ஆசை என்றால், பின்னால் கிராமஃபோன் பிக்கப் சாக்கெட் இருக்கும். ஏ.சி. செட்டில் மட்டும், அதுவும் பேட்டரியில் ஓடும் ப்ளூடூத் ரிசீவரையும் நடுவில் ஒரு 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரையும் வைத்து. ஏ.சி./டி.சி. செட்டில் போன் ஒயரைச் சொருகுவது உயிர் சமாச்சாரம். அந்தப் பேச்சே வேண்டாம்.

ஓடத் தொடங்கியதும் முதல் வாரம் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், அரை மணி அரை மணியாக. அணைத்ததும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பாருங்கள்: சூடாக இருக்கலாம், கையை வைத்திருக்க முடியாத சூடு கூடாது. பின் அட்டை இல்லாமல் ஓட்டாதீர்கள், அதன் ஓட்டைகளை அடைக்கும்படி சுவரோடு ஒட்டியும் வைக்காதீர்கள். ஒரு கை அகலம் இடைவெளி போதும். வெளியே போகும்போது சுவிட்சை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். புயல் நேரச் செய்திக்கு இந்தப் பெட்டியை நம்ப முடியாது, கரன்ட் போனால் அதுவும் போச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல இடங்களில் செல்போன் சிக்னலே இல்லாமல் போனது. அந்த மாதிரி நேரத்துக்கு இரண்டு செல் போடும் டிரான்சிஸ்டர் ஒன்று தனியாக இருக்கட்டும், செல்லை வெளியே எடுத்து அதன் பக்கத்திலேயே வைத்து. உள்ளே விட்டு மறந்தால் செல் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.